மாஹிம் பாலமும் அபின் பெட்டியும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களே, கல்லூரி முதல்வர் அவர்களே, எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்ததோடு சில நாள் வகுப்பை விட்டு வெளியேயும் அனுப்பிய பேராசிரியப் பெருமக்களே, மூத்த முன்னாள் மாணவர்களே, என் வகுப்புத் தோழர்களே, கடைசி வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

கடைசி வரிசையைத் தனியாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இதே அரங்கத்தில் நாலு வருஷமும் எனக்கு அங்கேதான் இடம். மேடையில் பேசுகிறவர் எப்போது முடிப்பார், சாப்பாடு எப்போது போடுவார்கள் என்ற கவலை அங்கே இருப்பவர்களுக்குத்தான் அதிகம் என்பது எனக்குத் தெரியும். அதனால் நீட்டி முழக்க மாட்டேன்.

நம் சங்கம் இந்த ஆண்டு ஏழை மாணவர்களுக்காக உதவித்தொகை நிதி ஒன்றைத் தொடங்குகிறது. அதையொட்டி, "பழைய காலத்துக் கொடையாளர் ஒருத்தரைப் பத்தி இருபது நிமிஷம் பேசுங்க" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். பச்சையப்பரைப் பற்றியும் வள்ளல் அழகப்பரைப் பற்றியும் இந்த மேடையில் என்னைவிட நன்றாகப் பேசியவர்கள் இருக்கிறார்கள். எனவே, வேலைக்குப் போன ஊரில் நான் தெரிந்துகொண்ட ஒருவரைத் தேர்ந்தெடுத்தேன். அவர் பெயர் ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய். டாட்டா இல்லை. ஜாம்ஷெட்ஜி டாட்டா பிறந்தது 1839இல். இவர் அவருக்கு இரண்டு தலைமுறை மூத்தவர்.

தலைப்பைச் சொன்ன மறுநாள், விழாக் குழுவில் இருக்கும் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் போன் செய்தார். "அண்ணா, ஒண்ணு கேட்டா தப்பா நினைச்சுக்க மாட்டீங்களே? அவர் அபின் வித்தவர்தானே? அவரைப் பத்தி ஏண்ணா பேசணும்?" என்றார்.

நல்ல கேள்வி. அந்தத் தம்பிக்குப் போனில் சரியான பதில் சொல்ல எனக்கு வரவில்லை. "விழாவுக்கு வாப்பா, சொல்றேன்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். இப்போது நான் பேசப் போவது அந்தக் கேள்விக்கான பதில்தான்.

மும்பையில் பாலங்களைப் பழுது பார்க்கும் வேலையில் நான் இரண்டு வருஷம் இருந்தேன். தினமும் பஸ்ஸில் மாஹிமிலிருந்து பாந்த்ராவுக்குப் போக வேண்டும். மாஹிம் பக்கத்துப் பெரிய சாலைக்குப் பெயர் எல்.ஜே. ரோடு. ஆறு மாதம் வரைக்கும் அது என்ன எல்.ஜே. என்று நான் யாரையும் கேட்கவில்லை. நம் ஊரில் எத்தனையோ என்.எஸ்.சி. போஸ் ரோடு, டி.டி.கே. ரோடு இருக்கிறது, எழுத்தை விரித்துப் பார்த்தா நடக்கிறோம்? பிறகு ஒரு நாள், தாராவியில் பிறந்து வளர்ந்த நம் திருநெல்வேலிக்காரர் ஒருவர், எங்கள் சைட்டில் வேலை பார்த்தவர், சொன்னார்: "லேடி ஜாம்ஷெட்ஜி ரோடு சார். நீங்க தினமும் போறீங்களே காஸ்வே, அது அந்தம்மா காசுல கட்டினது."

அங்கிருந்து தொடங்கிய தேடல்தான் இது.

ஜாம்ஷெட்ஜி 1783இல் பிறந்தவர். வசதி இல்லாத பார்சிக் குடும்பம். குஜராத்தின் நவ்சாரியோடு தொடர்புடையவர்கள். துணி வியாபாரம். பதினாறு வயதுக்குள் தாயையும் தந்தையையும் இழந்துவிட்டார். பள்ளிப் படிப்பு என்று சொல்லிக்கொள்ள ஏதும் கிடையாது. பம்பாயில் இருந்த தாய்மாமனிடம் வந்து சேர்ந்தார். மாமாவின் குடும்பப் பெயர் பாட்லிவாலா. காலி பாட்டில் வாங்கி விற்கிற தொழில். அதுவே பெயராகவும் ஆகிவிட்டது. நம் தெருவில் பழைய பேப்பர், பாட்டில் என்று கூவிக்கொண்டு வருவார்களே, அந்தத் தொழிலின் பெரிய வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1803இல் அந்த மாமா மகள் ஆவாபாயையே கல்யாணம் செய்துகொண்டார். இது நமக்குப் புதிதில்லை. நம் பக்கம் இன்னும் பல வீடுகளில் மாமன் மகள்தான்!

பதினாறு வயதில் முதல் கப்பல் பயணம். கல்கத்தா போய், அங்கிருந்து சீனா. மொத்தம் ஐந்து முறை சீனாவுக்குப் போய் வந்தார். நாலாவது பயணத்தில்தான் சினிமாவில் வருகிற மாதிரி ஒரு சம்பவம். 1805 ஜூலை மாதம். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் சண்டை நடக்கிற காலம். இவர் ஏறியிருந்த 'பிரன்ஸ்விக்' என்ற கப்பலை இலங்கையின் காலித் துறைமுகத்துக்கு அருகே பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் பிடித்துவிட்டன. சரக்கெல்லாம் போயிற்று. கைதியாக ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனை வரைக்கும் கொண்டுபோய் விட்டார்கள். கையில் காசில்லை, பேசத் தெரிந்த மொழியில்லை. பல நாள் காத்திருந்து ஒரு டேனிஷ் கப்பலைப் பிடித்துக் கல்கத்தா வந்து சேர்ந்தார்.

நாமாக இருந்தால் கடல் பக்கமே தலை வைத்துப் படுக்க மாட்டோம். அவர் ஐந்தாவது முறையும் சீனாவுக்குக் கிளம்பினார். அந்தப் பயணத்தில்தான் நல்ல லாபம்.

பிடிபட்ட கப்பலில் வில்லியம் ஜார்டின் என்ற இளம் ஸ்காட்லாந்து டாக்டரும் இருந்தார். கப்பல் வைத்தியர். இருவருக்கும் அப்போது ஏற்பட்ட பழக்கம் கடைசி வரை நீடித்தது. அந்த ஜார்டின் பிற்பாடு வைத்தியத்தை விட்டுவிட்டு வியாபாரத்தில் இறங்கினார். 1832இல் ஜேம்ஸ் மாத்தீசன் என்பவரோடு சேர்ந்து ஜார்டின் மாத்தீசன் கம்பெனியைத் தொடங்கினார். சீனக் கரையில் மிகப் பெரிய கம்பெனி அது. அதற்குப் பம்பாயிலிருந்து சரக்கு அனுப்பிய முக்கியப் புள்ளி நம் ஜாம்ஷெட்ஜி. 1814இல் சொந்தமாக முதல் கப்பல் வாங்கினார். அதன் பெயர் 'குட் சக்சஸ்'. பிறகு மேலும் பல கப்பல்கள். தொழில் கூட்டாளிகளில் மோதிசந்த் அமிசந்த் ஜைனர், முகமது அலி ரோகே கொங்கணி முஸ்லிம். ஆக மொத்தம், அந்தக் காலத்திலேயே எல்லா மதத்தவரும் சேர்ந்து நடத்திய கம்பெனி.

சரக்கு என்ன என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அவர் கொடுத்ததைச் சொல்லிவிடுகிறேன்.

1822இல் பம்பாய் சிவில் ஜெயிலில், கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் அடைபட்டுக் கிடந்த ஏழைகளின் கடனைத் தன் கையிலிருந்து கட்டி அவர்களை வெளியே கொண்டுவந்தார். பம்பாய்க் கோட்டைக்கு வெளியே இருந்த மைதானத்தில் மாடு மேய்க்கக் கட்டணம் என்று கம்பெனி அரசாங்கம் உத்தரவு போட்டபோது, ஏழைகள் மாடு மேய்க்க வேறு இடத்தில் நிலம் வாங்கிவிட்டார். அங்கே இருக்கிற சர்னி ரோடு ஸ்டேஷனுக்கு அந்தப் பெயர் வந்ததே 'சர்னே' என்றால் மராத்தியில் மேய்வது என்பதால்தான் என்று மும்பைக்காரர்கள் சொல்வார்கள்.

1843இல் ஆஸ்பத்திரிக்கு அடிக்கல். ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் இவர் கொடுக்க, கம்பெனி அரசாங்கமும் தன் பங்கைப் போட்டது. 1845இல் நோயாளிகளுக்குத் திறந்துவிட்டார்கள். ஒட்டினாற்போல அதே ஆண்டு கிராண்ட் மருத்துவக் கல்லூரி. ஜே.ஜே. ஆஸ்பத்திரி என்றால் இன்றைக்கும் மும்பையில் டாக்சிக்காரர் வழி கேட்காமல் கொண்டுபோய் விடுவார். 1896இல் பம்பாயில் பிளேக் பரவியபோது ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி அந்தக் கல்லூரி வளாகத்தில் உட்கார்ந்துதான் பிளேக் தடுப்பூசி தயாரித்தார். 1897 ஜனவரியில் முதல் ஊசியைத் தனக்கே போட்டுக்கொண்டார்.

1849இல் ஏழைப் பார்சிப் பிள்ளைகளின் படிப்புக்காக ஓர் அறக்கட்டளை. புனேயில் ஆற்றின் குறுக்கே அணை. அதற்கான செலவில் பெரும் பகுதி இவருடையது. அந்த இடத்தைத்தான் பண்ட் கார்டன் என்கிறார்கள். 1857இல் ஜே.ஜே. ஓவியப் பள்ளி. அதில் வாத்தியாராக வந்தவர் மகன்தான் ருட்யார்ட் கிப்ளிங். இப்படிச் சொல்லிக்கொண்டே போகலாம். ஆனால் நான் என்ஜினீயர். எனக்குப் பிடித்தது மாஹிம் காஸ்வே. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

அப்போதைய பம்பாய் தீவு. மாஹிமுக்கு வடக்கே ஒரு கழிமுகம், அதைத் தாண்டினால் சால்செட் தீவில் பாந்த்ரா. இடையில் படகுதான். மழைக்காலத்தில் கடல் ஏற்றமும் ஆற்று வெள்ளமும் எதிரெதிரே மோதும். படகு கவிழ்வதும் ஆள் போவதும் அடிக்கடி நடக்கும். 1841 வாக்கில் ஒரே சமயத்தில் பல படகுகள் கவிழ்ந்ததாகச் சொல்வார்கள். ரோடு போட்டுக் கொடுங்கள் என்று ஜனங்கள் கேட்டார்கள். கம்பெனி, காசில்லை என்று கையை விரித்துவிட்டது.

அப்போதுதான் ஆவாபாய் அம்மையார் ஒரு லட்சம் ரூபாய் தருவதாக முன்வந்தார். வேலை ஆரம்பமாயிற்று. இந்த இடத்தில் சிவில் படித்தவர்கள் சிரிப்பார்கள். எஸ்டிமேட் பத்தவில்லை! சேற்றில் அடித்தளம் போடுகிற வேலை, கடல் ஏற்ற இறக்கத்துக்கு நடுவில் கல்லைக் கொட்டிக் கரை எழுப்புகிற வேலை, எப்போது எஸ்டிமேட்டுக்குள் முடிந்திருக்கிறது? அந்தம்மா கணக்குக் கேட்டு வேலையை நிறுத்தவில்லை. மேற்கொண்டு 57,000 ரூபாய் கொடுத்தார். ஆக 1,57,000 ரூபாய். 1845இல் காஸ்வே திறந்தாயிற்று.

பணம் கொடுக்கும்போது ஒரு நிபந்தனை போட்டார்கள். இந்தப் பாதையில் போகிற ஜனங்களிடம் சுங்கம் வசூலிக்கக் கூடாது. அவ்வளவுதான்.

நான் இதைப் படித்த அன்றைக்கு ராத்திரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். கொஞ்ச தூரத்தில் பாந்த்ரா-வொர்லி கடல் பாலம் விளக்குப் போட்டு ஜொலிக்கிறது. 2009இல் திறந்தது. எங்கள் தொழிலில் எல்லோரும் பெருமைப்படும் பாலம்தான், ஆனால் திறந்த நாளிலிருந்தே கட்டணம். இந்தப் பக்கம், கூடை தூக்கிய அம்மா, சைக்கிள்காரர், எங்கள் பஸ், எல்லோரும் யாருக்கும் ஒரு பைசா கொடுக்காமல் போய்க்கொண்டிருக்கிறோம்.

கொடுப்பதில் உள்ள நுட்பம் எனக்கு இங்கேதான் புரிந்தது. 'என் பெயரைப் போடு', 'என் சிலையை வை' என்பதும் நிபந்தனைதான். 'போகிறவனிடம் காசு வாங்காதே' என்பதும் நிபந்தனைதான். இரண்டாவது நிபந்தனை, கொடுத்தவர் முகத்தையே பார்க்காதவனுக்குப் போய்ச் சேருகிறது. அதோடு, பாதியில் பணம் தீர்ந்தபோது விட்டுவிட்டுப் போகாததும் முக்கியம். அடிக்கல்லோடு நின்றுபோன எத்தனை கட்டடங்களை நாம் பார்த்திருக்கிறோம்!

சரி, இப்போது அந்த மாணவத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன்.

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது? பருத்தியும் இருந்தது, வேறு சரக்கும் இருந்தது. ஆனால் பெரிய லாபம் அபினில். அதை மென்று விழுங்கக் கூடாது.

அந்த வியாபாரம் நடந்த விதத்தைச் சொல்கிறேன். இங்கிலாந்துக்காரர்களுக்குச் சீனத்துத் தேயிலை வேண்டும். சீனர்களுக்கு இங்கிலாந்துச் சரக்கு எதுவும் பெரிதாக வேண்டியதில்லை. வெள்ளிக் காசுதான் கேட்டார்கள். வெள்ளிக்கு எங்கே போவது? வழி கண்டுபிடித்தார்கள். வங்காளப் பக்கம் பாட்னா, காசி வட்டாரத்தில் விவசாயிகளைக் கசகசாச் செடி போடவைத்து, அபினை எடுத்து, கல்கத்தாவில் கம்பெனி ஏலம் விடும். மத்திய இந்தியாவில் மால்வாப் பகுதி அபின், கம்பெனி வரி வாங்கிக்கொண்டு விட, பம்பாய் வழியாகப் போகும். சீனாவில் அபினுக்குத் தடை. 1729லிருந்தே உத்தரவு மேல் உத்தரவு. அதனால் கம்பெனி தன் சொந்தக் கப்பலில் ஏற்றாது. தன் கை சுத்தம்! தனி வியாபாரிகள் ஏற்றிக்கொண்டு போய்க் காண்டனுக்கு வெளியே லின்டின் தீவுப் பக்கம் நிறுத்துவார்கள். அங்கிருந்து கள்ளக் கடத்தல்காரர்கள் படகில் வந்து எடுத்துப் போவார்கள். விற்ற வெள்ளி காண்டனில் கம்பெனி கஜானாவுக்கு வரும். அதில் தேயிலை வாங்குவார்கள். அந்தத் தனி வியாபாரிகளில் பம்பாய்ப் பக்கத்தில் முதல் வரிசையில் நின்றவர் ஜாம்ஷெட்ஜி.

1839இல் சீனப் பேரரசரின் ஆணையராக லின் ட்செ-ஷூ காண்டனுக்கு வந்தார். வெளிநாட்டு வியாபாரிகளிடமிருந்து இருபதாயிரம் பெட்டிக்கு மேல் அபினைப் பறிமுதல் செய்தார். ஒரு பெட்டி ஏறக்குறைய 60 கிலோ. அத்தனையையும் கடற்கரையில் பள்ளம் தோண்டி, தண்ணீர் விட்டு, உப்பும் சுண்ணாம்பும் போட்டுக் கரைத்துக் கடலில் விட்டார்கள். முடிக்க மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று. உங்கள் நாட்டில் விஷம் என்று தெரிந்த பொருளை எங்கள் நாட்டில் விற்கலாமா என்று விக்டோரியா ராணிக்கே கடிதம் எழுதினார் அந்த லின். பதில் கடிதம் வரவில்லை. போர்க்கப்பல்தான் வந்தது. 1842 ஆகஸ்டில் நான்கிங் உடன்படிக்கை. ஹாங்காங் போயிற்று. நஷ்ட ஈடாக 2 கோடியே 10 லட்சம் வெள்ளி டாலர். அதில் 60 லட்சம், அழித்த அபினுக்கு விலை!

அதே 1842இல்தான் ஜாம்ஷெட்ஜிக்கு 'சர்' பட்டம். இந்தியர் ஒருவருக்குக் கிடைத்த முதல் நைட் பட்டம். 1857இல் பாரனெட் பட்டம், அதுவும் இந்தியருக்கு முதல் தடவை. 1859 ஏப்ரலில் காலமானார்.

இப்போது என்ன செய்யலாம்? ஆஸ்பத்திரி, பாலம், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்து, அபினை மறுதட்டில் வைத்து நிறுத்துப் பார்க்கலாமா? பலர் அப்படித்தான் செய்கிறார்கள். "அந்தக் காலத்துல அது சட்டப்படி குத்தமில்லப்பா, எல்லாரும் செஞ்சாங்க, அவர் கொடுக்கவாவது செஞ்சாரே" என்று ஒரு கட்சி. "அத்தனையும் பாவப்பட்ட காசு, பேரை எடு" என்று ஒரு கட்சி. எனக்கு இரண்டிலும் மனசு ஒட்டவில்லை.

காரணம் சொல்கிறேன். ஆற்றங்கரையில் ஒரு சாயப்பட்டறை இருக்கிறது. முதலாளி தங்கமான மனுஷன். ஊர்க் கோயிலுக்குத் தேர் செய்து கொடுத்தார், பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் கட்டினார், யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் ஐயாயிரம் மொய். பட்டறைக் கழிவு மட்டும் ஆற்றில் போகிறது. அவர் ஊருக்கு அதனால் ஒன்றுமில்லை. பத்து மைல் கீழே இருக்கிற ஊரில் கிணறு கெட்டது, தென்னை பட்டது. மேலூர்க்காரர்கள் அவரை வள்ளல் என்பார்கள். அதுவும் பொய்யில்லை. கீழூர்க்காரர்கள் வேறு பெயர் சொல்வார்கள். அதுவும் பொய்யில்லை. ஆனால் மேலூர்ப் பள்ளிக்கூடத்தைக் காட்டிக் கீழூர்க் கிணற்றைச் சரிக்கட்ட முடியுமா? முடியாது. அந்தக் கிணற்றுக்காரனுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை இல்லை.

ஜாம்ஷெட்ஜி பம்பாயில் கட்டினார், புனேயில் கட்டினார். காண்டனில் அபின் பழகிக் குடும்பம் கெட்டவன் வீட்டுக்கு அந்த ஜே.ஜே. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வேளை மருந்து போகவில்லை. இரண்டையும் கூட்டிக் கழித்து ஒரு விடை எழுத முடியாது. இரண்டும் இரண்டு தனிக் கணக்கு. இரண்டையும் எழுதி வைக்கத்தான் முடியும். அந்த முதல் கணக்கில் அவர் பெயருக்கும் மேலே கம்பெனி அரசாங்கத்தின் பெயர் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

அப்படியானால் அந்த ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்துக்கொள்ளலாமா? காஸ்வேயில் நடக்கலாமா? தாராளமாக. நான் இரண்டு வருஷம் போய் வந்திருக்கிறேன், நன்றியோடுதான். ஆனால் நன்றி சொல்வதற்காகத் தெரிந்த உண்மையைத் தெரியாத மாதிரி இருக்க வேண்டியதில்லை.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒரு சின்ன விஷயம். இதுவரை மேடையில் சொன்னதில்லை.

நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அப்பாவுக்கு வேலை சரியில்லை. ஹாஸ்டல் மெஸ் பில் மூன்று மாதம் பாக்கி விழுந்துவிட்டது. மூவாயிரத்து அறுநூறு ரூபாய். மெஸ் பாக்கி இருந்தால் ஹால் டிக்கெட் கிடையாது. நோட்டீஸ் போர்டில் ஏழு பேர் பெயர் ஒட்டினார்கள், அதில் ஐந்தாவது பெயர் என்னுடையது. அந்த ஒரு வாரம் நான் அந்த வராந்தா வழியாகவே போகவில்லை, சுற்றிக்கொண்டு லேப் பக்கமாகப் போவேன். ஊருக்குக் கிளம்பிவிடலாம் என்று பெட்டியைக் கட்டிவிட்டு ஆபீசுக்குப் போனால், அங்கிருந்த அண்ணன், "உன் பாக்கி கட்டியாச்சுப்பா" என்றார். "யார் கட்டினாங்க?" "யாரோ பழைய ஸ்டூடண்ட். ஏழு பேருக்கும் சேர்த்துக் கட்டிட்டார். பேர் சொல்ல வேணாம்னுட்டார். போய்ப் படி."

ஜெயிலில் கிடந்த கடன்காரர்களை ஜாம்ஷெட்ஜி வெளியே எடுத்த செய்தியைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது அந்த நோட்டீஸ் போர்டுதான். அந்தக் கைதிகளில் எவனாவது வெளியே வந்து, "ஐயா, இது அபின் காசா?" என்று கேட்டிருப்பானா? நான் கேட்டேனா? என் பாக்கியைக் கட்டிய அந்த அண்ணன் என்ன தொழில் செய்தார், எப்படிச் சம்பாதித்தார், இன்றுவரை எனக்குத் தெரியாது. வாங்குகிற நிலைமையில் இருப்பவன் கேட்க முடியாது. பசிக்கிறவனிடம் போய், "அரிசி எங்கேயிருந்து வந்ததுன்னு விசாரிச்சுட்டுச் சாப்பிடு" என்று சொல்வது அநியாயம். அப்படியானால் அந்தக் கேள்வியை யார் கேட்க வேண்டும்? கொடுக்கிறவன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். அதுவும் கொடுக்கிற நாளில் கேட்டுப் பயனில்லை, சம்பாதிக்கிற நாளில் கேட்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் நமக்கெல்லாம் வேலை இருக்கிறது. இங்கே உட்கார்ந்திருக்கும் நம்மில் பலர் பாலம் கட்டுகிறோம், ஆலை நடத்துகிறோம், மென்பொருள் எழுதுகிறோம், காண்டிராக்ட் எடுக்கிறோம். நாம் செய்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு கீழூர் இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் நம் ஆண்டு விழாவுக்கு வரப் போவதில்லை. நமக்குப் பொன்னாடை போர்த்தப் போவதுமில்லை. நம்மைத் திட்டினாலும் நம் காதில் விழாது. ஜாம்ஷெட்ஜிக்குக் காண்டன் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம். அவராவது ஐந்து முறை நேரில் போய்ப் பார்த்தவர். நமக்கு அதுகூட இல்லை, கம்ப்யூட்டர் திரையோடு சரி.

நம் உதவித்தொகை நிதி விஷயத்தில் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். சங்கம் பரிசீலிக்க வேண்டும்.

முதலாவது, ஆவாபாய் அம்மையாரின் சுங்க நிபந்தனை. உதவி பெறுகிற மாணவனிடம் நாம் எந்தச் சுங்கமும் வாங்கக் கூடாது. மேடைக்குக் கூப்பிட்டுக் கொடுப்பது, போட்டோ எடுப்பது, நன்றிக் கடிதம் எழுதச் சொல்வது, இதெல்லாம் வேண்டாம். நோட்டீஸ் போர்டில் பெயர் வந்தவனுக்கு இன்னொரு தடவை பெயர் வர வேண்டாம்.

இரண்டாவது, அந்த 57,000 ரூபாய். ஒருவனுக்கு முதலாண்டு கட்டணம் கட்டினால் நாலாம் ஆண்டு வரை கட்டுவோம். எஸ்டிமேட் தாண்டினாலும் பாதியில் விடக் கூடாது. நாற்பது பேருக்கு ஒரு வருஷம் என்பதைவிடப் பத்துப் பேருக்கு நாலு வருஷம் மேல்.

மூன்றாவது, பெரிய தொகை யாரிடமிருந்து, எந்தத் தொழிலிலிருந்து வந்தது என்பது சங்கத்தின் கணக்கேட்டில் இருக்கட்டும். யாரையும் அவமானப்படுத்த இல்லை. ஐம்பது வருஷம் கழித்து ஒரு மூன்றாம் ஆண்டு மாணவன் போன் செய்து கேட்டால், அன்றைக்கு இருக்கிற செயலாளர் என்னைப் போல மழுப்பாமல் ஏட்டைத் திறந்து காட்ட முடியும்.

தம்பி, நீ போனில் கேட்டாயே, அவரைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று. ஜாம்ஷெட்ஜி கெட்டவராக மட்டும் இருந்திருந்தால் பேச வேண்டியதில்லை. நல்லவராக மட்டும் இருந்திருந்தாலும் ஒரு மாலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன். அவர் நம்மைப் போன்ற மனுஷர். அனாதையாக வந்து, உழைத்து, கடலில் பிடிபட்டு மீண்டு, சொந்த ஊர் ஜனங்களின் கஷ்டத்தைக் கண்ணால் பார்த்து அள்ளிக் கொடுத்தவர். கண்ணுக்குத் தெரியாத ஊரில் நடந்ததை அவருடைய செல்வம் மறைத்துவிட்டது. அந்த இடத்தில் நாமும் தவறுவோம் என்பதால்தான் அவரைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. கேட்டதற்கு உனக்கு நன்றி. வேலைக்குப் போன பிறகும் இந்தக் கேள்வியை விட்டுவிடாதே. அப்போது கேட்பது இப்போது கேட்பதைவிடக் கஷ்டமாக இருக்கும்.

என் மெஸ் பாக்கியைக் கட்டிய அந்தப் பெயர் தெரியாத அண்ணன் ஒருவேளை இந்த அரங்கத்தில் இருக்கலாம். இருந்தால், ஐயா, அந்த ஏழு பேரில் ஐந்தாவது ஆள் நான்தான். பரீட்சை எழுதினேன், பாஸ் செய்தேன், பாலங்களைப் பழுது பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூவாயிரத்து அறுநூறு ரூபாயை உங்களிடம் திருப்பிக் கொடுக்க வழியில்லாததால், இன்றைக்கு அந்த நிதியில் என் பங்கைச் சேர்த்திருக்கிறேன். அது எப்படிச் சம்பாதித்த பணம் என்பதையும் ஒரு தாளில் எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன்.

கடைசி வரிசைத் தம்பிகள் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். சாப்பாட்டு வாசனையும் வருகிறது.